'கத்தாதே' என்று சொன்னால் காய்ப்பு கரையுமா?

கேள்வி இதுதான். பையனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. ஒரு வருடமாகவே குரல் கம்மியிருக்கிறது. சளி என்று நினைத்து விட்டுவிட்டார்கள். பள்ளியில் டீச்சர் சொன்ன பிறகுதான் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போயிருக்கிறார்கள். அவர் மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்து, இரண்டு குரல் நாண்களிலும் சின்னதாக முடிச்சு இருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம், ஸ்பீச் தெரபி எடுங்கள், கத்தவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அம்மாவுக்கு இப்போது மூன்று சந்தேகங்கள். முடிச்சு என்றால் கட்டிதானே, பிற்பாடு புற்றுநோயாக மாறுமா? ஆபரேஷன் செய்து ஒரேயடியாக எடுத்துவிட்டால் என்ன? 'கத்தாதே' என்று நாள் முழுக்கச் சொல்லியும் பையன் கேட்கவில்லையே, ஒரு மாதம் பேசவே விடாமல் வைத்தால் சரியாகுமா?

குரல் சிகிச்சைதான் என் தொழில். முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது புற்றுநோய் இல்லை, அப்படி மாறவும் மாறாது. ஆபரேஷன் வேண்டாம் என்று உங்கள் டாக்டர் சொன்னது சரி. வாயைக் கட்டிப்போடும் யோசனையை விட்டுவிடுங்கள். இனி நிதானமாகப் பேசலாம்.

'கட்டி' என்ற சொல்தான் பாதிப் பயத்துக்குக் காரணம். நான் பெற்றோரிடம் பேசும்போது 'காய்ப்பு' என்றுதான் சொல்வேன். மண்வெட்டி பிடிக்கிறவர் உள்ளங்கை காய்ச்சுப் போகிறது இல்லையா, அதே கதைதான். ஓர் இடத்தில் திரும்பத் திரும்ப உரசினால், மோதினால், உடம்பு அந்த இடத்தைத் தடிக்க வைத்துக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறது. கையில் என்றால் தொந்தரவு இல்லை. குரல்வளையில் என்றால் குரல் கெட்டுவிடுகிறது.

'நாண்' என்ற பெயரும் கொஞ்சம் ஏமாற்றுகிற பெயர்தான். வீணைத் தந்தி மாதிரி ஏதோ இழுத்துக் கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அவை இரண்டு மெல்லிய சதை மடிப்புகள், உள்ளே படுத்திருக்கும் இரண்டு உதடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு விடும்போது விலகி நிற்கும். பேசும்போது ஒன்றோடொன்று ஒட்டி, நுரையீரலிலிருந்து வரும் காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும். வயது வந்த ஆணுக்கு ஒரு நொடிக்கு நூற்றுச் சொச்சம் தடவை, பெண்ணுக்கு 200 தடவை போல, உங்கள் பையன் வயதில் 250க்கும் மேல். 250 என்றே வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தமாக ஒரு மணி நேரம் குரல் எழுப்பினால் ஒன்பது லட்சம் மோதல். மெதுவாகப் பேசினால் அது பூவால் தட்டுவது போல, கத்தினால் அறைவது போல. அந்த மடிப்பின் அதிரும் பகுதிக்கு நடுவில்தான் மோதல் மிகப் பலமாக விழும். அதனால்தான் காய்ப்பு எப்போதும் அதே இடத்தில், இரண்டு பக்கமும் எதிரெதிராக, ஜோடியாக வருகிறது.

குழந்தைகளிடம் இன்னொரு விஷயமும் உண்டு. இந்த மடிப்பு ஒரே சதைத் துண்டு அல்ல, பல அடுக்குகள் கொண்டது என்று 1970களில் விளக்கியவர் ஜப்பானில் குருமே பல்கலைக்கழகத்தில் இருந்த மினோரு ஹிரானோ என்ற மருத்துவர். மேலே கூழ் போன்ற மென்மையான உறை, அதற்குக் கீழே நார், அதற்கும் கீழே தசை. பிறந்த குழந்தைக்கு இந்த அடுக்குப் பிரிவு இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாக உருவாகி, பெரியவர்களுக்கு இருப்பது போல ஆவதற்கு விடலைப் பருவம் தாண்ட வேண்டும். ஏழு வயதுப் பையனின் தொண்டையில் இருப்பது இன்னும் கட்டி முடிக்காத வீடு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஆபரேஷன் பற்றிப் பேசும்போது திரும்ப வருவேன்.

காய்ப்பு இருக்கும்போது இரண்டு மடிப்பும் சரியாக ஒட்டாது. நடுவில் முட்டிக்கொண்டு, முன்னும் பின்னும் இடுக்கு விழும். அந்த இடுக்கு வழியாகக் காற்று கசியும். அதுதான் நீங்கள் கேட்கும் கரகரப்பு. காற்று கசிகிறதே என்று பையன் இன்னும் அழுத்திப் பேசுவான், கழுத்து நரம்பு புடைக்கும். அழுத்த அழுத்தக் காய்ப்பு தடிக்கும். காலையில் எழுந்ததும் குரல் கொஞ்சம் தெளிவாக இருந்து, பள்ளி விட்டு வரும்போது அடைத்துப்போகிறதா என்று கவனியுங்கள். இந்தக் குழந்தைகளிடம் வழக்கமாகக் காண்பது அதுதான். இன்னொரு வேடிக்கை, இவர்களால் கத்த முடியும், மெல்லிய குரலில் மேல் ஸ்தாயியில் பாடத்தான் முடியாது. மென்மையாகப் பாடச் சொன்னால் முதலில் வெறும் காற்று வரும், ஒரு கணம் கழித்துத்தான் சத்தம் வரும்.

நீங்கள் கேமரா வைத்துப் பார்த்தது நல்ல காரியம். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குரல் கம்மிய குழந்தைகளில் பலருக்குக் காய்ப்புதான் இருக்கும் என்றாலும், காதால் கேட்டே 'இது காய்ப்புதான்' என்று யாராலும் சொல்ல முடியாது. நீர்க்கட்டி இருக்கலாம். பிறவியிலேயே இரண்டு நாணுக்கும் நடுவில் சவ்வு இருக்கலாம். இதய ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு பக்க நாண் அசையாமல் போயிருக்கலாம். எனக்கு அதிகம் பயம் தருவது பாப்பிலோமா என்ற மரு. எச்.பி.வி. வைரஸின் 6, 11 ஆகிய வகைகளால் குரல்வளையில் கொத்துக் கொத்தாக முளைக்கும். முதலில் வெறும் கரகரப்புதான், அப்புறம் மூச்சு விடும்போது சத்தம், அப்புறம் மூச்சே அடைப்பு. மாதக்கணக்கில் வீசிங் என்று சொல்லி நெபுலைசர் வைத்த பிறகு, கடைசியில் மரு என்று தெரிய வந்த ஒரு சிறுமியை எனக்குத் தெரியும். தொண்டையை யாரும் எட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. சளி, காய்ச்சலோடு வரும் தொண்டைக்கட்டு ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். நான்கு வாரம் தாண்டியும் குரல் தெளியவில்லை என்றால் குரல்வளையைப் பார்த்தே ஆக வேண்டும். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் சங்கம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் மூன்று மாதம் வரை பொறுக்கலாம் என்று இருந்தது. 2018இல் அதை நான்கு வாரமாகக் குறைத்துவிட்டார்கள். குரல் கம்மலுக்கு வழக்கமாக ஆன்டிபயாடிக் கொடுப்பதும், குரல்வளையைப் பார்க்காமலே நெஞ்செரிச்சல் மாத்திரை கொடுத்துப் பார்ப்பதும் கூடாது என்றும் அதே வழிகாட்டுதலில் இருக்கிறது. மூச்சு இழுக்கும்போது சத்தம், மூச்சுத்திணறல், விழுங்கச் சிரமம், பிறந்த குழந்தைக்கு அழுகைச் சத்தமே பலவீனமாக இருப்பது, இவற்றில் எது இருந்தாலும் நான்கு வாரமெல்லாம் கிடையாது, உடனே ஓட வேண்டும்.

சரி, உங்கள் பையனுக்கு ஏன் வந்தது? கத்துகிறான், அதனால் வந்தது என்பது பாதிப் பதில். ஏன் கத்துகிறான் என்பதில்தான் மீதி இருக்கிறது, சிகிச்சையும் அங்கேதான் இருக்கிறது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரைச் சுற்றி எட்டு வயதுக் குழந்தைகள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்து, 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குரல் கோளாறு இருப்பதாக நிபுணர்கள் கண்டது நூறில் ஆறு பேரிடம், பெற்றோர் சொன்னது நூறில் பதினொரு பேரிடம். ஆண் பிள்ளைகளுக்கு அதிகம் இருந்தது. அது எதிர்பார்த்ததுதான். எனக்குப் பிடித்தது அடுத்த விஷயம், அண்ணனோ அக்காவோ உள்ள குழந்தைகளுக்கும் அதிகம் இருந்தது. இதற்கு விஞ்ஞானம் வேண்டுமா என்ன? வீட்டில் கடைக்குட்டி தன் பேச்சு காதில் விழ வேண்டும் என்றால் எல்லாரையும் விடச் சத்தம் போட்டுத்தானே ஆக வேண்டும்.

என் அனுபவத்தில், பெற்றோரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்ட காரணங்கள் இவை. ஹாலில் டி.வி. ஓடிக்கொண்டே இருக்கும். அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிடுவார், பையன் மாடியிலிருந்து பதில் சொல்வான், நடுவில் குக்கர் விசிலடிக்கும். மாலையில் படிக்க உட்கார்ந்தால் 'வாய்விட்டுப் படி, அப்பத்தான் மண்டையில ஏறும்' என்று பாட்டி சொல்வார். அவனும் வாய்ப்பாட்டை ஊருக்கே கேட்கிற மாதிரி ஒப்பிப்பான். வகுப்பில் ஐம்பது பேர் ஒரே குரலில் 'குட் மார்னிங் மிஸ்' என்று இழுப்பார்கள். வேனில் ஒரு மணி நேரம் கூச்சல். விளையாட்டில் பேய்க் குரல், ரோபோ குரல், வண்டி கியர் மாற்றும் குரல். நாண்களை இறுக்கித் தேய்ப்பதில் இந்த 'ட்ர்ர்ர்' சத்தங்கள் கத்தலுக்குச் சளைத்தவை அல்ல. ஆனால் பெற்றோர் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இதோடு மூன்று விஷயங்களை டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். ஒன்று, காது. நடுக்காதில் நீர் கோத்திருந்தாலும் அழுக்கு அடைத்திருந்தாலும் பிள்ளைக்குத் தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்றே தெரியாது. ஒருமுறை கேட்கும் திறன் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. இரண்டு, மூக்கடைப்பும், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையின் வீக்கமும். வாயைத் திறந்துகொண்டு தூங்கும் பிள்ளைக்குத் தொண்டை வறண்டே இருக்கும். மூன்று, ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவனாக இருந்தால், ஸ்பேசர் (இன்ஹேலரோடு மாட்டும் குழாய்) வைத்து எடுக்கிறானா, முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்புகிறானா என்று பாருங்கள். குரல் கம்முகிறது என்று இன்ஹேலரை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இப்போது 'கத்தாதே' விஷயம். ஒரு குழந்தையிடம் 'கத்தாதே' என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொன்னால் அவன் கற்றுக்கொள்வது ஒன்றுதான், தன் குரல் ஒரு தொல்லை. அதுவும் நாம் அதைக் கத்தித்தான் சொல்கிறோம். அதற்குப் பதில் வீடு முழுமைக்கும், அப்பா உட்பட, ஒரே ஒரு விதி வையுங்கள். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் பேச்சு இல்லை. பேச வேண்டுமானால் எழுந்து போய், முகத்துக்கு முன் நின்று பேச வேண்டும். அவன் தூரத்திலிருந்து கூப்பிட்டால் பதில் சொல்லாதீர்கள், கையைத் தட்டி 'இங்கே வா' என்று சைகை காட்டுங்கள். சாப்பிடும்போதாவது டி.வி.யை அணையுங்கள். அவன் பேசும் நேரத்தில் அண்ணன் குறுக்கே பேசக் கூடாது. கேட்க எளிதாக இருக்கிறது. இரண்டு வாரம் செய்து பாருங்கள், பெரியவர்களுக்குத்தான் கஷ்டம் என்று புரியும். மைதானத்துக்கு ஒரு விசில் வாங்கிக் கொடுங்கள். படிப்பு மெல்லிய குரலில் அல்லது எழுதிப் பார்த்து நடக்கட்டும். பாட்டியிடம் இதை நீங்களே சொல்லிப் புரியவையுங்கள், பையனைத் தூது விடாதீர்கள்.

பேசவே விடாமல் வைப்பது வேண்டாம். ஏழு வயதுப் பிள்ளையால் முடியாது. முடிந்தாலும், பேச ஆரம்பித்த மறுநாள் பழைய பழக்கம் திரும்பிவிடும். சிலர் 'ரகசியக் குரலில் பேசு' என்று பழக்குகிறார்கள். அதுவும் தப்பு. அழுத்தி ரகசியம் பேசும்போது குரல்வளை இறுகிக்கொள்கிறது, தொண்டை வறள்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கிற சாதாரணக் குரல் போதும். அடிக்கடி தொண்டையைக் கனைக்கிறானா? ஒவ்வொரு கனைப்பும் நாணுக்கு ஓர் அறை. கனைக்கத் தோன்றும்போது ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள்.

வீட்டு வைத்தியம் பற்றிக் கேட்காமல் யாரும் எழுந்து போனதில்லை. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பால், அதிமதுரம், கற்பூரவல்லி எல்லாம் தொண்டைக்கு இதமாக இருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் நாம் விழுங்கும் எதுவும் குரல் நாணைத் தொடுவதே இல்லை. விழுங்கும்போது குரல்வளை மூடிக்கொள்ளும், உணவு பின்னால் இருக்கும் குழாயில் இறங்கும். தப்பித் தவறி ஒரு சொட்டு நாண் பக்கம் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும், புரையேறும். ஆகவே காய்ப்பைக் கரைக்கும் கஷாயம் என்று ஒன்று கிடையாது. பாலைக் கொடுங்கள், சந்தோஷமாகக் குடிக்கட்டும். கொதிக்கும் பாத்திரத்தின் மேல் போர்வை போட்டு ஆவி பிடிக்க மட்டும் வைக்காதீர்கள். பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் குழந்தைகள் நிறையப் பேர்.

தெரபியில் என்ன செய்வார்கள் என்று பலருக்குத் தெரியாததால் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். மந்திரம் எதுவும் இல்லை. முதல் நாள் நான் ஒரு டம்ளரில் பாதித் தண்ணீர் வைத்து, ஒரு ஸ்ட்ராவை இரண்டு விரற்கடை ஆழத்துக்கு முக்கி, அதன் வழியே 'ஊ' என்று சத்தம் விடச் சொல்வேன். தண்ணீர் குமிழியிடும், பிள்ளை சிரிக்கும். விளையாட்டு மாதிரி இருந்தாலும் உள்ளே வேலை நடக்கிறது. தண்ணீர் எதிர்த்துத் தள்ளும் அழுத்தம் நாண்களுக்கு மேலே ஒரு மெத்தை போல நின்று, அவை பலமாக மோதிக்கொள்ளாமல் அதிர வைக்கிறது. 1960களிலேயே பின்லாந்தில் அன்ட்டி சோவிஜார்வி என்பவர் கண்ணாடிக் குழாயை வைத்து இதுபோன்ற பயிற்சியைக் கொண்டுவந்தார். பிற்பாடு அமெரிக்காவில் இங்கோ டிட்ஸே என்ற விஞ்ஞானி ஸ்ட்ராவின் இயற்பியலை விளக்கிப் பரவலாக்கினார். உதட்டை 'ப்ர்ர்ர்' என்று அதிர விடுவதும் இதே வகைதான்.

அப்புறம் 'ம்ம்ம்' என்று முனகி, உதடும் மூக்கும் குறுகுறுக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொல்வேன். குறுகுறுப்பு முகத்தில் வந்தால் தொண்டை இறுகவில்லை என்று அர்த்தம். அந்த உணர்வோடு 'மாமா', 'அம்மா', 'மணி', 'மாமரம்' என்று சொற்களுக்குப் போவோம். தமிழில் மூக்கெழுத்துகளுக்குப் பஞ்சமா? வேலை சுலபம். வீட்டில் ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று நிமிடம். ஒரே மூச்சில் அரை மணி நேரம் செய்ய வைப்பதால் பலன் இல்லை.

இந்தப் பயிற்சி முக்கியமா, வீட்டுப் பழக்கத்தை மாற்றுவது முக்கியமா? அமெரிக்காவில் 6 முதல் 10 வயதுக்குள் காய்ப்பு உள்ள 114 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்குக் குரல் பயிற்சி, இன்னொரு பிரிவுக்குக் குரலை எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற பாடம் மட்டும். 2018இல் முடிவு வந்தது. இரண்டு பிரிவும் தேறின, இரண்டுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. பயிற்சி சொல்லிக்கொடுத்துப் பிழைக்கும் எனக்கு இது கொஞ்சம் சங்கடமான முடிவுதான். ஆனால் ஊர் தள்ளி இருக்கும் பெற்றோருக்கு இது நல்ல செய்தி. தெரபிஸ்ட் வாரா வாரம் கிடைக்காவிட்டாலும், வீட்டில் செய்வதற்கு நிறைய இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். தனியாரிடம் போவதானால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு உள்ளவரா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

ஆபரேஷன் கேள்விக்கு வருகிறேன். கட்டி முடிக்காத வீடு என்று சொன்னேன் அல்லவா, அங்கே கத்தி வைத்தால் தழும்பு விழலாம். கூழ் போன்ற அந்த மேலுறை தழும்பாகிப் போனால், காய்ப்பு போனாலும் குரல் விறைத்துவிடும். பழக்கம் மாறாத பிள்ளைக்குக் காய்ப்பும் திரும்ப முளைக்கும். இன்னொரு பக்கம், ஆண் பிள்ளைகளுக்கு இயற்கையே உதவுகிறது. மகரக்கட்டு உடையும் வயதில் குரல்வளை வேகமாக வளர்ந்து, நாண் நீண்டு, அதிர்வு எண்ணிக்கை பாதியாகக் குறைந்துவிடும். பெல்ஜியத்தில் காய்ப்பு இருந்த குழந்தைகளைப் பருவம் தாண்டிய பிறகு மறுபடி பார்த்து, 2007இல் ஓர் ஆய்வு வந்தது. குரல் தொந்தரவு நீடித்தது ஆண்களில் நூறில் 8 பேருக்கு, பெண்களில் 37 பேருக்கு. இதைப் படித்துவிட்டு 'பையன்தானே, தானாகச் சரியாகும்' என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காராதீர்கள். மகரக்கட்டு உடைய இன்னும் ஆறேழு வருடம் இருக்கிறது, அதுவரை அவன் இந்தக் குரலோடுதான் வகுப்பில் எழுந்து நிற்க வேண்டும். பெண் குழந்தை என்றால் காத்திருக்கவே கூடாது. மாதக்கணக்கில் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் அசையாத காய்ப்பு, அல்லது காய்ப்பு என்று நினைத்தது நீர்க்கட்டியாக இருப்பது, இந்த மாதிரிச் சமயங்களில் டாக்டரே ஆபரேஷன் பேச்சை எடுப்பார்.

டீச்சரிடம் போய்ப் பேசுங்கள், அவர்தானே முதலில் கவனித்தவர். முன் வரிசையில் உட்கார வைக்கச் சொல்லுங்கள், கூட்டாக ஒப்பிக்கும்போது வாயசைத்தால் போதும் என்று சொல்லுங்கள். ஆண்டு விழா நாடகத்தில் அரக்கன் வேஷம் வேண்டாம். இந்தக் குரல் அரக்கனுக்குப் பொருத்தமாக இருக்கிறது என்றே கொடுத்துவிடுவார்கள். கூடப் படிக்கிறவர்கள் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். குரலைக் கேலி செய்வார்களோ என்று கை தூக்குவதையே நிறுத்திவிட்ட பிள்ளைகள் உண்டு. வீட்டில் காட்டுக்கத்தல், வகுப்பில் மௌனம் என்றால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒரு வேலை மட்டும் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பியுங்கள். காலையில் பல் தேய்த்ததும், ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொல்லி, ஒரு நீளமான 'ஆ' சொல்ல வைத்து, அவனுக்குப் பிடித்த பாட்டில் ஒரு வரியை மெல்லப் பாட வைத்து, போனில் பதிந்து தேதி போட்டு வையுங்கள். வாரம் ஒன்று, அதே நேரம், அதே வரி. தினமும் கேட்கிற காதுக்கு முன்னேற்றம் தெரியாது. மூன்று மாதம் கழித்து டாக்டரைப் பார்க்கப் போகும்போது முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். மறுபடி கேமரா தேவையா என்று அவர் அதை வைத்தும் முடிவு செய்வார்.